நிழலுக்கு நிறம் தந்த கை

பூவிருந்தவல்லி நெடுஞ்சாலை என்று பழையவர் நாவில் இன்றும் வழங்கும் பெருவழியொன்று உண்டு. ஈ.வெ.ரா. பெரியார் சாலை என்பது இன்று அதற்குள்ள பெயர். நகரின் நடுவே, பெரியமேட்டிலே, அந்தச் சாலையோரம் நிற்கிறது அரசு கவின்கலைக் கல்லூரி. சாலை மேற்கே ஓடுகிறது. அமைந்தகரை, கோயம்பேடு, மதுரவாயல் என ஊர்களைக் கடந்து பூவிருந்தவல்லியை அடைகிறது. வடக்கே அம்பத்தூர், அதற்கப்பால் ஆவடி. கிழக்கே அந்தக் கல்லூரியிலே நூற்றெழுபது ஆண்டுகட்கு முன் தொடங்கிய கதையொன்றின் பிற்பகுதியை, மேற்கே அம்பத்தூர்ப் பக்கத்துச் சந்தொன்றில், கணிப்பொறியும் வண்ணக் கிண்ணமும் ஒருங்கே இருந்த ஒரு சிறு கடையிலே அண்மையில் கண்டேன். கண்டதைச் சொல்லுமுன் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஒளிப்படத்தின்மீது கையால் வண்ணம் தீட்டும் கலையின் கதை அது. புகைப்படம் என்று நாட்டார் சொல்கின்றனர். புகைக்கும் அதற்கும் யாதொரு உறவும் இல்லை. ஒளி எழுதும் படம், ஆகவே ஒளிப்படம். மாணவர்க்கு இதைச் சொல்லி ஓய்ந்தவன் நான், படிப்பவர்க்கும் ஒருமுறை சொல்லிவிட்டேன்.

ஒளிப்படம் தோன்றுமுன் இந்த நாட்டில் யாருக்கு உருவம் இருந்தது? அரண்மனைச் சுவரிலே அரசனுக்கு இருந்தது. அவன் அருகே அமர்ந்த அரசிக்கு இருந்தது. மடத்துத் தலைவருக்கு இருந்தது, ஜமீன்தாருக்கு இருந்தது. ஏர் பிடித்தவனுக்கு? நாற்று நட்டவளுக்கு? கல் சுமந்தவனுக்கு? கண்ணாடியிலே பார்த்தால் உண்டு. கண்ணாடியும் இல்லாதவன் குளத்து நீரிலே பார்த்தால் உண்டு. அவன் மாண்டான், முகமும் மாண்டது. பேரன் தன் பாட்டன் முகத்தை அறியாதவனாகவே வளர்ந்தான். அவன் பாட்டனும் அவ்வாறே வளர்ந்தவன்தான்.

1839-ஆம் ஆண்டு ஆகஸ்டு 19-ஆம் நாள், பாரிஸ் மாநகரிலே, டாகேர் என்பவர் கண்டறிந்த ஒளிப்பட முறையைப் பிரெஞ்சு அரசு உலகறிய வெளியிட்டது. ஓவியன் பல நாள் முயன்று எழுதும் முகத்தைச் சில நிமிடத்தில் ஒரு பெட்டி எழுதிவிடுகிறது! ஓராண்டுக்குள் அக்கருவி கல்கத்தாவுக்குக் கப்பலேறி வந்துவிட்டது. சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850-இல் தம் சொந்த முயற்சியால் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். அதுவே நான் முன் சொன்ன பெரியமேட்டுக் கல்லூரி. 1856-இல் சென்னையிலே ஒளிப்படச் சங்கம் ஒன்றும் எழுந்தது. அதிலும் ஹண்டரின் கை உண்டு. அதே 1856-இல் லின்னேயஸ் டிரைப் என்ற படைத்துறை அதிகாரி, சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்டார்.

டிரைப்பின் பணியைச் சற்று நின்று காணவேண்டும். 1857-இன் இறுதியில் புறப்பட்டு, திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை எனச் சுற்றி வந்தார். மெழுகு பூசிய தாளிலே எதிர்ப்படம் எடுப்பது அவர் முறை. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டு வரிகளை அவர் தொடர்ந்து படமெடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். தமிழ் எழுத்துக்குத் தமிழர் அன்று செய்யாத ஒரு பணியை வெள்ளைக்காரப் படைவீரர் செய்தார் என்பதை ஒளிக்காமல் சொல்வோம். 1859-இல் சென்னைக்கு ஆளுநராக வந்த டிரெவெலியன், இதெல்லாம் கருவூலம் தாங்காத ஆடம்பரம் எனக் கருதி அந்த வேலையையே நிறுத்திவிட்டார்.

ஆனால் என்னைக் கவர்ந்தது வேறொன்று. டிரைப்பின் படங்களிலே வானம் வெறுமையாக இல்லை, மேகம் தவழ்கிறது. மரங்களின் இலைக்கொத்துகள் கருந்திரளாகக் கிடக்கவில்லை, பிரிந்து தெரிகின்றன. எப்படி? எதிர்ப்படத் தாளின்மீதே வண்ணத்தைத் தொட்டு, மேகத்தைத் தம் கையால் தீட்டினார் டிரைப். இலைகளையும் அவ்வாறே திருத்தினார். இயந்திரம் தந்த படம் என்று உலகம் நம்பிய படத்திலே, தமிழ்நாட்டு வானத்தில் ஓவியனின் கை ஓடியிருக்கிறது!

ஏன் தீட்ட நேர்ந்தது? இங்கேதான் நாம் அறிய வேண்டிய அறிவியல் இருக்கிறது. அந்நாளைய ஒளிப்பட மருந்து நீல ஒளியை மட்டுமே நன்கு உணரும். பச்சையை அரைகுறையாக உணரும். சிவப்பை அறவே உணராது. நீல வானம் மிகுதியாகப் பதிந்து, அச்சிலே வெறும் வெள்ளையாகும். பச்சை இலை கறுத்துத் திரளும். கண் காண்பதை அப்பெட்டி காணவில்லை. அது பாதி குருடு. இயந்திரம் பொய் சொல்லாது என்று பெருமை பேசினார்களே, அந்த இயந்திரம் பிறந்த நாள்தொட்டு ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டுதான் வந்தது.

வானத்தோடு நின்றிருந்தால் தாழ்வில்லை. முகத்துக்கு என்ன ஆயிற்று? மாநிறத் தோலிலே சிவப்பும் மஞ்சளும் மிகுதி. நீலம் மிகக் குறைவு. நீலத்தை மட்டும் காணும் மருந்துக்கு நம் முகம் எப்படித் தெரியும்? இருப்பதைக் காட்டிலும் பன்மடங்கு கறுத்துத் தெரியும்! கன்னத்தின் வளைவும் நெற்றியின் ஒளியும் புருவத்தின் கோடும் ஒன்றோடொன்று கலந்து, கண்ணும் பல்லும் மட்டும் தனியே மின்னும். ஐரோப்பியன் முகத்தில் அதே மருந்து எல்லா நயங்களையும் எழுதியது. நம் முகத்தில் மையை ஊற்றியது. 1873-இல் வோகல் என்ற செருமானிய அறிஞர், சாயம் கலந்தால் மருந்து பச்சையையும் மஞ்சளையும் உணரும் எனக் கண்டார். எல்லா நிறமும் உணரும் தகடுகள் கடைக்கு வந்தது 1906-இல். இடைப்பட்ட காலம் முழுதும் நம் நாட்டு ஒளிப்பட நிலையத்தாருக்கு ஓவியன் தேவைப்பட்டான்.

ஒளிப்படத்துக்கு வண்ணம் தீட்டும் வழக்கம் இங்கு மட்டும் இருந்ததன்று. ஐரோப்பாவில் அது ஒளிப்படத்தின் தொட்டில் பருவத்திலேயே தோன்றிற்று. ஜப்பானிலே, யோகோஹாமா நகரில், 1860-களில் பெலிச்சே பியாட்டோவின் நிலையம் மென்மையாக வண்ணமிட்ட படங்களை விற்றது. அங்கெல்லாம் வண்ணம் மெல்லிய சாயமாக மேலே தவழும். அடியிலுள்ள படம் தெரியும். இந்தியாவிலோ ஓவியன் கனத்த வண்ணத்தை எடுத்துப் படத்தையே மூடினான். பட்டும் சரிகையும் அணியும் இரத்தினக் கம்பளமும் தூரிகையால் எழுந்தன. முகத்தின் வடிவம் ஒன்றே கருவியின் கொடையாக எஞ்சிற்று. நாதத்துவாரத்து ஓவியர்கள் ஒளிப்பட முகத்தை வெட்டி ஒட்டிச் சுற்றிலும் ஓவியம் எழுதினார்கள். செய்ப்பூர் மன்னர் இரண்டாம் ராம்சிங் தாமே ஒளிப்படக் கலைஞராகத் திகழ்ந்தார். அரசர் கதையை இத்தோடு விடுவோம். அவர்களைப் பற்றி எழுத ஆள் உண்டு.

சென்னை மவுண்ட் ரோட்டு நிலையங்களிலும், பின்னர்ச் சிற்றூர்ச் சந்தைத்தெரு நிலையங்களிலும் நடந்தது என்ன? படத்தைப் பெரிதாக்கி, மங்கிய தாளில் அச்சிட்டு, பழுப்பாக்கி, அதன்மேல் எண்ணெய் வண்ணத்தைப் பஞ்சினால் தேய்த்து ஏற்றினார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் சேலை பச்சையா அரக்கா என்பது தெரியாது. ஆகவே கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். கன்னத்துக்கு ரோசா, உதட்டுக்குச் சிவப்பு, கரைக்கு மஞ்சள். முகத்துக்கு? அங்கேதான் வழி தவறிற்று. மருந்தின் குற்றத்தால் கறுத்த முகத்தை, உள்ள நிறத்துக்குக் கொண்டுவரத் தூரிகை எடுத்தவன், உள்ள நிறத்தையும் தாண்டிப் போனான். நீதி செய்ய வந்த கை முகத்துதி செய்யத் தொடங்கிற்று. பெண் பார்க்க அனுப்பும் படத்தில் இரண்டு பங்கு வெளுப்பு. மறைந்தவர் படத்தில் ஒரு பங்கு வெளுப்பு. பெற்ற தாயின் நிறத்தைக் காசு கொடுத்து மாற்றிச் சுவரிலே மாட்டினோம். வெட்கப்பட்டோமா? மாலை போட்டோம்!

அச்சுக்கலை இதற்குத் துணை நின்றது. ஒளிப்படங்களைத் துணைகொண்டு எழுதிய இரவிவர்மா, 1894-இல் பம்பாயிலே அச்சகம் நிறுவி, தம் தேவியரை வீடுதோறும் அனுப்பினார். பின்னர்த் தெற்கே, சென்னைக் கலைப்பள்ளியில் பயின்ற கொண்டையராஜு (1898–1976), நாடகத் திரைகள் எழுதி, கோவில்பட்டியில் தங்கி, தம் மாணவர்களோடு நாட்காட்டிப் படங்களை எழுதிக் குவித்தார். சிவகாசி அவற்றை அச்சடித்தது. அவருடைய கைத்திறம் பெரிது. தமிழ்நாட்டின் ஏழை வீட்டுச் சுவரிலே முதன்முதல் ஏறிய வண்ணப்படம் பெரும்பாலும் அந்த வழியில் வந்ததே. ஆயினும் அந்த முகங்களைப் பாருங்கள். நம் தெருவிலே அந்த நிறத்தில் யாரைக் கண்டோம்? கருமை என்பதையே பெயராகக் கொண்டவன் கண்ணன். அவனுக்கும் நீலத்தைப் பூசினார்களே அன்றிக் கறுப்பைப் பூசத் துணியவில்லை!

முகம் எழுதும் ஓவியனுக்கு இயக்கமும் வேலை கொடுத்தது. மறைந்தவருக்குக் கருமாதி வேண்டாம், படத்திறப்பு நடத்துங்கள் என்றது சுயமரியாதை இயக்கம். மந்திரம் இடம்பெற்ற இடத்தில் முகம் இடம்பெற்றது. பிண்டத்துக்குப் படம் தேவையில்லை, படத்திறப்புக்குத் தேவை. ஊரிலே ஒரு தொண்டர் மறைந்தால், அவர் மாநாட்டிலே கூட்டத்தோடு நின்ற படத்திலிருந்து முகத்தை மட்டும் பிரித்தெடுத்துப் பெரிதாக்கி எழுதும் திறன் அந்த ஓவியர்களிடம் இருந்தது. பாரதியாரின் ஒளிப்படங்கள் கைவிரலில் எண்ணத்தக்கவை. ஆனால் நாடு அறிந்த பாரதி முகத்தில் ஓவியர் ஆர்யாவின் கோடு கலந்திருக்கிறது. வகுப்பிலே ஒரு சிறுவன் என்னைக் கேட்டான்: “வள்ளுவரை யார் சார் போட்டோ எடுத்தாங்க?” வேணுகோபால் சர்மா தம் கருத்தாலே கண்டு எழுதிய படம் 1964-இல் ஏற்பளிக்கப்பட்டது என்று விளக்கினேன். அவன் நம்பவில்லை. அத்தனை உறுதியாக அந்த முகம் அவன் உள்ளத்தில் இருக்கிறது.

வண்ணத் தகடு பரவியது. பஞ்சும் எண்ணெய் வண்ணமும் ஒதுங்கின. வண்ணப்படம் வந்தபின் கறுப்புக்கு நீதி கிடைத்ததா? அதுதான் இல்லை. அமெரிக்காவின் கோடக் நிறுவனம், அச்சு நிலையங்கள் நிறத்தைச் சரிபார்ப்பதற்கென ஒரு மாதிரி அட்டையை அனுப்பிற்று. அதில் இருந்தவள் ஒரு வெள்ளைப் பெண். ஷர்லி அட்டை என்றே அதற்குப் பெயர் விழுந்தது. அவள் முகம் சரியாக வந்தால் எல்லார் முகமும் சரி! பல நிறத்தவரும் இடம்பெற்ற அட்டை வர 1990-கள் ஆயிற்று. அதற்கு முன்னரே கோடக்கின் காதில் குறை விழுந்தது. யார் சொன்ன குறை தெரியுமா? மரச்சாமான் செய்பவரும் சாக்லேட் செய்பவரும் சொன்னார்கள், பழுப்பு நிறங்கள் படத்தில் வேறுபட்டுத் தெரியவில்லை என்று! மனிதர் முகத்துக்குக் கிடைக்காத செவி மேசைக்கும் மிட்டாய்க்கும் கிடைத்தது. நம் நாட்டிலே உதகையில் 1960-இல் நிறுவப்பட்டு 1967-இல் உற்பத்தி தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், ‘இந்து’ என்ற பெயரில் படச்சுருள் தந்தது. அந்த ஆலையும் மூடிக் கிடக்கிறது.

ஒளிப்பட நிலையத்தை விட்ட ஓவியன் வேறெங்கே போனான்? சினிமா பேனருக்குப் போனான். உள்ளங்கையளவு படத்தைக் கட்டம் கட்டி, சுவரளவு துணியிலே பெரிய கட்டம் கட்டி, ஒவ்வொரு கட்டமாக முகத்தை ஏற்றினான். சாரத்தின்மீது நின்று தீட்டும்போது அவன் கண்முன் இருப்பது ஒரு மூக்கின் பாதி மட்டுமே; முழு முகம் அவன் நெஞ்சிலே இருக்கும். கட்சி மாநாட்டு வளைவுகளையும் அவனே எழுதினான். 2000-ஆம் ஆண்டையொட்டி பிளெக்ஸ் அச்சு வந்தது. ஓர் இரவிலே இயந்திரம் துப்பிய படத்தோடு பத்து நாள் தூரிகை போட்டியிட முடியுமா? சாரம் சரிந்தது. 2009-இல் சென்னை மாநகராட்சி சுவரொட்டிகளை அகற்றிச் சுவர்களில் தமிழ்ப் பண்பாட்டுக் காட்சிகளை எழுதச் செய்தபோது, அந்த ஓவியர்களிற் சிலருக்குச் சிலகாலம் கூலி கிடைத்தது.

எந்த எண்முறை அவனை வீழ்த்தியதோ அதன் வழியாகவே அவன் இப்போது மீண்டு வருகிறான் என்பதுதான் வியப்பு. படத்தை எண்களாக்கும் கலை 1957-இல் பிறந்தது. அமெரிக்க அரசின் அளவீட்டு நிறுவனத்திலே ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர் தம் பச்சிளங் குழந்தையின் படத்தை 176-க்கு 176 புள்ளிகளாகப் பிரித்துக் கணிப்பொறிக்குள் ஏற்றினார். மொத்தம் 30,976 புள்ளிகள். 1975-இல் ஸ்டீவன் சாசன் செய்த முதல் எண்முறைப் படக்கருவி, ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிக்க 23 விநாடி எடுத்துக்கொண்டது. 1990-இல் போட்டோஷாப் விற்பனைக்கு வந்தது. பழைய ஓவியன் செய்த திருத்தம் அனைத்தையும் புள்ளி புள்ளியாக அது செய்தது.

அம்பத்தூர்க் கடையிலே நான் கண்ட முறை இது. பழைய படத்தை வருடியிலே வைத்துக் கணிப்பொறிக்குள் ஏற்றுகிறார்கள். கீறலை அகற்றி, மங்கிய இடத்தைத் தெளிவாக்கி, பெரிதாக்கி, கேன்வாசுத் துணியிலே வெளிறலாக அச்சிடுகிறார்கள். அதன்மீது ஒளி ஊடுருவும் பூச்சு ஒன்று. அது காய்ந்தபின் அக்ரிலிக் வண்ணம். முதலில் நிழற்பகுதி, பிறகு இடைநிறம், கடைசியில் மூக்கின் நுனியிலும் விழியிலும் ஒளிப்புள்ளி. முடிவில் வார்னிஷ். இது ஓவியமா என்று புருவத்தை உயர்த்துவோர் உண்டு. டிரைப்பின் மேகத்தை ஏற்றவர்கள், இரவிவர்மாவின் மேசைமீது கிடந்த ஒளிப்படத்தை மன்னித்தவர்கள், கடைத்தெருக் கைவினைஞனிடம் மட்டும் கணக்குக் கேட்பானேன்? அச்சிட்ட படத்தின்மேல் வார்னிஷை மட்டும் வரி வரியாக இழுத்துவிட்டு, கையால் எழுதியது என்று சொல்லி விற்பவரும் இருக்கிறார்கள், அது மோசடி. கைப்பேசிச் செயலி ஒரு நொடியில் தூரிகைத் தடம்போலக் காட்டிவிடுகிறது, அது வேடிக்கை. அதே செயலி கேளாமலே முகத்தை வெளுக்கவும் செய்கிறதே, அதை வேடிக்கை என்று விட மனம் இடம் தரவில்லை.

என் ஆயா சென்ற ஆண்டு மறைந்தார். பூவிருந்தவல்லிக்கு அப்பால், செங்கற்சூளைகளில் உழைத்துத் தேய்ந்தவர். அவர் வாழ்நாளில் யாரும் அவரை நிறுத்திப் படமெடுக்கவில்லை. அரசு ஒன்றே எடுத்தது. தேர்தல் ஆணையர் சேஷன் காலத்தில், 1993-இல், வாக்காளர்க்குப் படத்தோடு அடையாள அட்டை வழங்க ஆணை பிறந்ததே, அந்த அட்டை! நாட்டிலே எத்தனையோ ஏழைத் தாய்மார்க்கு வாக்குரிமைதான் முதல் முகத்தைக் கொடுத்தது. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய, கறுத்துக் கலங்கிய அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு நான் அந்தக் கடைக்குப் போனேன். கருமாதி இல்லை, படத்திறப்பு ஒன்று போதும் என்று தந்தை சொல்லிவிட்டார்.

ஓவியர் முன்னாளில் பேனர் எழுதியவர். கணிப்பொறி அவர் மகன் கையில். மூன்றாம் நாள் துணியில் அச்சான படத்தைக் கண்டதும் என் தந்தை அதிர்ந்தார். “யார்ரா இது? எங்கம்மாவா?” என்றார். சந்தன நிறத்திலே, சுருக்கமற்ற கன்னத்தோடு, யாரோ ஒரு பணக்கார மாது எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எல்லாரும் கலராத்தான் சார் கேக்குறாங்க. கம்ப்யூட்டர்ல ஏத்தினா அதுவே வெளுத்துடுது” என்றார் ஓவியர், என்னிடம்.

“எங்க ஆயா கறுப்புங்க ஐயா. கறுப்பாவே வேணும்” என்றேன்.

அவர் என்னைச் சற்றுநேரம் பார்த்தார். பிறகு கிண்ணத்தைக் கழுவினார். பர்ன்ட் அம்பரையும் சிறிது நீலத்தையும் குழைத்தார். கறுப்பு என்றால் கறுப்பு வண்ணத்தை எடுப்பதில்லை என்பதை அன்றுதான் அறிந்தேன். கன்னத்து மேட்டில் செம்பழுப்பு, கழுத்தோரத்தில் நீலம் படர்ந்த நிழல், நெற்றியில் வெயில் பட்டதுபோல் ஒரு மஞ்சள் கீற்று. மகன் நீக்கிய சுருக்கங்களைத் தந்தை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொண்டுவந்தார். அரைநாள் ஆயிற்று. என் தந்தை ஒன்றும் பேசவில்லை. தேநீர் வாங்கிவரச் சொன்னார்.

படத்திறப்பன்று கூட்டம் அதிகமில்லை. ஆயாவோடு சூளையிலே கல் சுமந்த மூதாட்டி ஒருவர் முன்வரிசையில் இருந்தார். திரையை விலக்கியதும் எழுந்து வந்து கிட்ட நின்று பார்த்தார். “அவதான்” என்றார். பிறகு, “தழும்பு எங்க?” என்று கேட்டார். கல் சரிந்து விழுந்து புருவத்தின் மேலே ஆழமாக வெட்டிய தழும்பு. அட்டைப் படத்தின் கலங்கலில் அது மறைந்து போயிருக்கிறது.

மறுநாள் படத்தைத் தூக்கிக்கொண்டு மீண்டும் அம்பத்தூர் போனோம். “எந்தப் பக்கம் சார்?” என்று கேட்டார் ஓவியர். நான் தந்தையைப் பார்த்தேன். தந்தை என்னைப் பார்த்தார். இருபத்தாறு ஆண்டுகள் அந்த முகத்தின் எதிரே சோறு உண்டவன் நான். அதற்கடுத்த நாள் மூதாட்டியையே ஆட்டோவில் அழைத்து வந்தோம். அவர் படத்தின் எதிரே நில்லாமல், படத்தின் பக்கத்தில் போய், அதே திசையை நோக்கித் திரும்பி நின்றார். கண்ணை மூடினார். கையை உயர்த்தித் தம் இடப்புருவத்தின் மேலே வைத்தார்.

“இந்தப் பக்கம். தலையில சும்மாடு வெச்சிட்டு அவளுக்கு இப்படி ஓரமா நின்னவ நானு.”

ஓவியர் மெல்லிய தூரிகை ஒன்றைத் தேடி எடுத்தார்.